உன் இடது கையைப் பற்றிப் பூங்கொடியிடம் சொல்லிவிட்டேன்

கண்ணு, மைதானத்திலிருந்து ரூமுக்கு வந்ததும் இதைப் பிரிக்காதே. குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து படி. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் இடது கை மரத்துப் போவதை, நீ கட்டிக்கொள்ளப் போகிற பூங்கொடியிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்ல வேண்டாம் என்றாய், நான் சரி என்று தலையாட்டினேன், அதற்கப்புறம் ஒன்பதாம் நாள் அவள் ஊருக்கே, வாசலூர்பட்டிக்குப் பஸ் ஏறிப் போய் அவளிடம் சொன்னேன். செல்லில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் நீ கட் பண்ணிவிடுவாய், அப்புறம் சிக்னல் இல்லை என்பாய். கடிதத்தை அப்படிப் பாதியில் நிறுத்த முடியாது. கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

கோபம் வரும். வரட்டும். ஆனால் நான் ஏன் சொன்னேன் என்பது அந்த ஒரு நாளில் முடிவான விஷயம் இல்லை. அதற்கு நீ பட்டாளத்துக்குப் போன வருசத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. இடையில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதை நீயும் இதுவரை அறியாய், உங்கப்பாவும் போன வாரம் வரைக்கும் அறியார். முப்பது வருசமாய்ப் பால்வாடியில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படி.

உன்னைப் பட்டாளத்தில் சேர்த்தது குச்சிக்கிழங்குதான் என்று உங்கப்பா சொல்வார். மலைமேல் எடப்புளி நாட்டில் நம் ஊர் வரைக்கும் அப்போது ரோடு வரவில்லை. கிழங்கு மூட்டையை லாரி நிற்கிற இடம் வரைக்கும் சுமந்து போக வேண்டும். மற்றவர்கள் தலையில் வைத்துப் போவார்கள். நீ பிடரியில் வைத்துக் குனிந்துகொண்டு, எருமை போவது போலப் போவாய். பதினாறு வயதில் உன் கழுத்து உங்கப்பா கழுத்தைவிடத் தடித்துவிட்டது. சட்டைக் காலர் பொத்தான் உனக்குப் பூட்டியதே இல்லை. தொண்ணூத்தேழில் நாமக்கல்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கினார். கீழே அந்த வெயிலில் நீ செருப்பில்லாமல் ஓடினாயாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறினவர்கள் எல்லோரிடமும், "பையன் எடுபட்டுட்டானுங்க" என்று அவராகவே சொல்லிக்கொண்டு வந்தாராம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனுசன். அதை நீ மறந்திருக்கக் கூடும், அதனால் எழுதுகிறேன்.

மறு வருசம் உன்னிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. மெஸ்ஸில் அரிசி மூட்டையை நீ ஒற்றை ஆளாய் இறக்குவதைப் பார்த்த ஒரு ஆபீசர், உன்னை ரக்பி டீமில் சேர்த்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். ‘பந்து முட்டை மாதிரி இருக்குதும்மா, குதிச்சா எந்தப் பக்கம் போகும்னு அதுக்கே தெரியாது’ என்று எழுதியிருந்ததைப் படித்து உங்கப்பா சிரித்தார். லீவில் வந்தபோது வாசலில் எட்டுக் கல்லை இந்தப் பக்கமும் எட்டுக் கல்லை அந்தப் பக்கமும் அடுக்கி எங்களுக்கு விளக்கினாய். முன்வரிசையில் மூன்று பேர், அதில் ஓரத்துக்கல் நீ. இரண்டு பக்கமும் தலையைக் கோத்துக்கொண்டு தள்ள வேண்டும், பந்தை முன்னால் வீசக்கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும் என்றாய். "பின்னால குடுத்துக்கிட்டே முன்னால போறதா? இதென்ன ஆட்டம்டா?" என்றார் அவர். ஆனால் அடுத்த நாள் காலையில் அந்தக் கல்லை யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் காட்டுக்குப் போனார். நீ லீவு முடிந்து போய் ஒரு வாரம் வரைக்கும் நான் அந்த இடத்தைச் சுற்றித்தான் வாசல் கூட்டினேன்.

எனக்கு அந்த ஆட்டத்தை ஊருக்கு விளக்கத் தெரியவில்லை. யாராவது கேட்டால், "ஃபுட்பால் மாதிரிங்க" என்பேன். கொஞ்ச நாளில் ‘மாதிரி’யும் போய்விட்டது.

இப்போது நான் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். அது மிளகு பறிக்கிற மாசம். நீ டீம் எடுக்கிற கேம்ப்பில் இருந்தாய். பள்ளத்துக் காட்டில் இருக்கிற பெரிய சில்வர் ஓக் மரத்தில் உங்கப்பா ஏணி சாத்தி ஏறியிருக்கிறார். ராத்திரி மழைத் தூறல், அடி மண் இளகியிருக்கிறது. ஏணி அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நான் பால்வாடியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன், ஆள் வந்து சொன்னார்கள். போர்வையில் தூளி கட்டி ரோடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போய், ஒரு ஜீப்பைப் பிடித்து மலை இறக்கினோம். எழுபது வளைவிலும் துண்டைக் கடித்துக்கொண்டே வந்தார், ஒரு சத்தமில்லை. அடிவாரத்தில் காரவள்ளி வந்து ரோடு நேரானதும்தான் துண்டை வாயிலிருந்து எடுத்தார். எடுத்ததும் கேட்ட முதல் வார்த்தை, "பயலுக்குச் சொல்லீட்டியா?"

நாமக்கல்லில் இடுப்பெலும்பு ஒடிந்திருக்கிறது, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். அவருக்குப் பயம். எதற்கும் பயப்படாத ஆள் ஆபரேஷன் என்றதும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். "அவன் வந்தப்பறம் அறுக்கச் சொல்லு புள்ள. ரெண்டு நாள் நான் தாங்கிக்குவேன்" என்றார். நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போனேன். உன் கேம்ப் நம்பரை எழுதின சீட்டு என் சுருக்குப்பையில் இருந்தது. மூன்று தடவை போட்டு, நாலாவது தடவை யாரோ எடுத்து, உன்னைக் கூப்பிட்டு, நீ ஓடி வந்தது எனக்கு போனில் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "அம்மா! உனக்கெப்படித் தெரியும்? இப்பத்தான் பேர் வாசிச்சாங்க! இந்தியா டீம்மா! வர்ற வாரம் வெளிநாடு போறோம்!" என்று கத்தினாய்.

அப்புறம் நீ, "அப்பாகிட்டக் குடு" என்றாய். நான், "அப்பா காட்டுக்குப் போயிருக்காரு சாமி" என்றேன்.

அதைச் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த நிமிசத்தில் எந்தத் தாயும் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்து போய் நான் செய்ததுதான் தப்பு. உங்கப்பா கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "என்னங்கறான்?" என்றார். "லீவு குடுக்க மாட்டாங்களாம். வெளிநாட்டுக்கு ஆட்டத்துக்குக் கூட்டீட்டுப் போறாங்களாம்" என்றேன். "அவன் கேட்டானா?" என்றார். அவர் என்னை நம்பவில்லையோ என்று எனக்குப் பயம். பொய்யைக் கெட்டியாக்குவதற்காக, "கேக்காம என்னங்க. ஆனா அவனுக்கே போகோணும்னு ஆசையாட்ட இருக்குது" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த நாள் காலை ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

நாலு மாசம் கழித்து நீ நீலச் சட்டையோடு லீவில் வந்தாய். வாசலில் அவர் கோலூன்றி நிற்பதைப் பார்த்துப் பையைக் கீழே போட்டாய். "எப்பப்பா?" என்றாய். "உனக்கு வேலை இருந்துச்சு, நீ போனே" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நீ அடுப்படிக்கு வந்து, "எனக்கு ஏம்மா சொல்லல?" என்று கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் கிழங்கை நறுக்கிக்கொண்டே, "அப்பாதான் சொல்ல வேண்டாம்னுட்டாரு" என்றேன்.

அது உண்மை இல்லை, சாமி. அவர் உன்னை வரச் சொன்னார். உனக்காக வலியோடு காத்திருக்கிறேன் என்றார். அவரைப் பொறுத்தவரை நீ தெரிந்தும் வராதவன். உன்னைப் பொறுத்தவரை அவர் உன்னை வேண்டாம் என்றவர். இரண்டையும் செய்தது நான். இத்தனை வருசமாய் நீங்கள் இரண்டு பேரும் தனியாய் உட்கார்ந்து பேசிவிடாமல், ஏதோ ஒரு வேலையைச் சாக்கு வைத்து நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டதும் நான்தான். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

அந்த லீவில்தான் பாராட்டு விழா நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் வந்து, "ஏனுங்க, பையன் இந்தியா டீமாமா? கிரிக்கெட்டுங்களா?" என்றார்கள். உங்கப்பாவுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்த நேரம், சோர்வில், "ஆமாங்க" என்றுவிட்டேன். பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனால், உன் படத்தை ஒட்டி, கையில் ஒரு கிரிக்கெட் பேட்டை வரைந்து பேனர் கட்டியிருந்தார்கள். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. நீ கொஞ்ச நேரம் அதை அண்ணாந்து பார்த்தாய். மைக்கை வாங்கி, "பேட் புடிக்கறதுக்கு எனக்குத் தெரியாதுங்க, ஆனா படத்துல நல்லாப் புடிச்சிருக்கறேன்" என்றாய். சனம் சிரித்து ஓய்ந்தது. அப்புறம் எங்கள் ஆட்டம் இதுதான் என்று எட்டுப் பேரை மேடைக்கு ஏற்றி, நீ ஒரு பக்கம் தலையைக் கொடுத்துத் தள்ளச் சொன்னாய். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. அது கிழக்கே ஒரு முழம் நகர்ந்து, பந்தல் கால் ஆடி, ஹெட்மாஸ்டர் மாலையும் கழுத்துமாகக் கீழே குதித்தார். ஊரே அன்றைக்கு உன்னைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது. உங்கப்பா வரவில்லை. இடுப்பு வலி என்றார். வலி இடுப்பில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் உன் ஆட்டத்தை ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்தேன், சென்னையில். பால்வாடி ஆயா மாரக்காவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். முதல் பத்து நிமிசம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ யாரையோ பிடித்துக் கீழே தள்ளுகிறார்கள், விழுந்தவன் எழுந்து ஓடுகிறான். மாரக்கா, "ஏனுங்க டீச்சரு, போலீசு யாரும் வரமாட்டாங்களா?" என்று கேட்டாள். அப்புறம் எட்டும் எட்டும் தலையைக் கோத்துக் குனிந்தபோது, வாசலில் நீ அடுக்கின கல் ஞாபகம் வந்து எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓரத்தில் நீ. உன் கழுத்தின்மேல் எத்தனை பேர் பாரம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தேன். எழுந்தபோது நீ இடது கையை உதறினாய். இன்னொரு தடவை குனிந்து எழுந்தாய், மறுபடியும் உதறினாய். தண்ணீர் குடிக்கும்போது பாட்டிலை வலது கையில் பிடித்துப் பல்லால் மூடியைத் திறந்தாய். அந்த மைதானத்தில் இருந்த டாக்டர், கோச்சு, யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, "கைக்கு என்ன கண்ணு?" என்றேன். "ஒன்னுமில்லம்மா, குளுரு" என்றாய். சென்னையில், சித்திரை வெயிலில். மாரக்காகூட உன்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் மேலே கேட்கவில்லை. டீம் பையன்கள் எல்லோரும் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள், எனக்கு அன்றைக்கு அந்தச் சந்தோசம் போதும் என்றிருந்தது. அன்றைக்கு நான் உன்னை விடாமல் பிடித்துக் கேட்டு, நேராக அந்த டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தால், அடுத்த மாசம் அயல்நாட்டு மைதானத்தில் உன்மேல் அத்தனை பேரும் சரிந்தபோது நீ அங்கே இருந்திருக்க மாட்டாய். உன்னைப் பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டியதில்லை. போனில் நீ, "கொஞ்சம் சுளுக்கும்மா" என்றாய். அந்தச் சுளுக்குக்குப் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் அஞ்சு மாசம் படுத்திருந்தாய்.

கழுத்தில் பட்டையோடு நீ வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் உன்னைத் திட்டினேன். "கை மரத்துப் போகுதுன்னு முன்னாலயே டாக்டர்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்றேன். "சொன்னா டீம்ல இருந்து எடுத்துடுவாங்க" என்றாய். "அதுக்காக எங்ககிட்டக் கூடவா?" என்றேன். நீ கட்டிலில் திரும்பாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே, "அப்பா வுழுந்தத நீ எனக்குச் சொன்னியா?" என்றாய். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் உன் வாழ்க்கையை நீ நன்றாகவே தேற்றிக்கொண்டாய். இனி ஆட முடியாது என்றதும் நீ குடித்துக் கெட்டுவிடுவாயோ என்று நான் பயந்தேன். நீ அப்படிப் போகவில்லை. பட்டாளத்தில் ரெண்டு வருசம் ஸ்டோரில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தாய், மெடிக்கலில் அனுப்பிவிட்டார்கள், சென்னையில் காலேஜ் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலையை நீயே தேடிப் பிடித்தாய். தலையை எப்படிக் கொடுக்க வேண்டும், எப்படிக் கொடுக்கக் கூடாது என்றுதான் முதல் மாசம் முழுக்கச் சொல்லிக் கொடுப்பேன், யாருக்காவது கை மரத்தால் அன்றைக்கே வெளியே உட்கார வைத்துவிடுவேன் என்று சொன்னாய். கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அதே ஆள்தான் தன் கையை மறைக்கிறாய்.

போன மாசம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க என்னை பைக்கில் கூட்டிக்கொண்டு கீழே போனாய். திரும்பி ஏறும்போது, மேலிருந்து பஸ் வந்தது, நீ வேகத்தைக் குறைத்தாய். கிளட்ச்சைப் பிடிக்கிற உன் கை பிடியிலிருந்து அப்படியே நழுவித் தொங்கியதை நான் உன் தோளுக்கு மேலே பார்த்தேன். வண்டி நின்று, பின்னுக்கு உருண்டது. நீ காலை ஊன்றி நிறுத்தினாய். பஸ் டிரைவர் பிரேக் போட்டுவிட்டு எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனான். நமக்குப் பின்னால் சுவர் இருந்தது, அதுவும் முழங்கால் உயரச் சுவர்தான். நீ சிரித்துக்கொண்டே, "வண்டி ஆஃப் ஆயிடுச்சும்மா" என்றாய். வீட்டுக்கு வந்து நான் உன் கையைப் பிடித்துப் பார்த்தபோது மூன்று விரல் வெளுத்துக் கிடந்தது. அப்போதுதான், "பூங்கொடி ஊட்டுல சொல்லீறாதம்மா. கல்யாணம் முடியட்டும், நானே பாத்துச் சொல்லிக்கறேன்" என்றாய்.

நீ சென்னைக்குப் போனதும் எனக்கு ஒரே நினைப்பாக இருந்தது. அந்தப் பெண் தினமும் உன் பின்னால் அந்த வண்டியில் உட்காரப் போகிறாள். அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பஸ் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் அவளிடம் போவதற்கு முன்னால் என் பங்கைத் தீர்க்க வேண்டும் என்று தோன்றியது. ஒருவரை உண்மை பேசச் சொல்லப் போகிறவள் தன் வீட்டில் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு போகக் கூடாது. போன வாரம் காலையில் உங்கப்பா மிளகைக் காய வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூத்தில் நீ சொன்னது, நான் உனக்குச் சொன்னது, அவருக்குச் சொன்னது, அடுப்படியில் உனக்குச் சொன்னது. அவர் மிளகைத் துழாவிக்கொண்டே கேட்டார். முடித்தபோது கை நின்றுவிட்டது. "அப்ப அவனுக்குத் தெரியாதா?" என்றார். "தெரியாதுங்க" என்றேன். "நான் வரச் சொன்னதும் தெரியாதா?" என்றார். "தெரியாதுங்க." கையிலிருந்த மிளகைக் கீழே போட்டுவிட்டு, "அந்த வெழாவுக்கு நான் போகல புள்ள" என்றார். அவ்வளவுதான். மத்தியானம் சாப்பிடவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் வாசலூர்பட்டிக்குப் போனேன். அவள் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பூங்கொடி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "ஏனுங்கத்தை, சொல்லாமக் கொள்ளாம? எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றாள். தனியாகப் பேச வேண்டும் என்றதும் படகுத்துறைப் பக்கம் கூட்டிப் போனாள். டூரிஸ்டுகள் படகை மிதித்துக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சென்னையில் பார்த்ததிலிருந்து பஸ் வந்தது வரைக்கும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எந்தெந்த வெரலுங்கத்தை?" என்றாள். காட்டினேன். "எத்தனை நேரம் அப்படி இருக்கும்?" "அஞ்சு நிமிசமும் இருக்கும் அம்மணி, அரை மணி நேரமும் இருக்கும்." "டாக்டரு என்னங்கறாங்க?" "பாரம் தூக்கக் கூடாது, கழுத்துக்கு அதிர்ச்சி ஆகக் கூடாது. மத்தபடி ஆயுசுக்கு ஒன்னும் இல்லேங்கறாங்க." கொஞ்சம் தயங்கி, "கொழந்தையத் தூக்குவாருங்களா?" என்றாள். "வலது கையில தூக்குவான். இடது கையில குடுத்துறாத" என்றேன்.

அதற்கப்புறம்தான் அவள் முகம் மாறியது. "போன தடவை வந்தப்ப எங்கப்பா அவர வெளையாட்டுக்கு, ‘மாப்ள மெளகு மரம் ஏறுவீங்களா’ன்னு கேட்டாருங்கத்தை. அவரு பாதி மரம் வரைக்கும் ஒத்தக் கையில ஏறுனாரு. இன்னொரு கை சும்மா தொங்குச்சு. வீம்புக்கு ஏறிக் காட்டறாருன்னு நெனச்சு நான் கை தட்டுனேனுங்க" என்றாள்.

எனக்கு அது தெரியாது, கண்ணு. உங்கப்பா விழுந்த அதே மாதிரி மரத்தில், வேலை செய்யாத கையோடு, மாமனார் முன்னால் மானம் போகக் கூடாது என்று நீ ஏறியிருக்கிறாய். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். அந்தப் பெண்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளிக்கூட மணி அடித்ததும் எழுந்தாள். அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "கை மரத்துப் போறது எனக்கு ஒரு கஷ்டமில்லீங்கத்தை. நான் கை தட்டுனதுதான் கஷ்டமா இருக்குது. அவரே வந்து எங்கப்பாகிட்டச் சொல்லட்டும். இந்த ஞாயித்துக்கெழம வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன். வந்து சொன்னாருன்னா கல்யாணம் அதே நாள்ல நடக்கும். வரலீன்னா, கல்யாணம் ஏன் நின்னுச்சுன்னு நானே எங்கப்பாகிட்டச் சொல்லிக்கறேன்." கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். இந்தப் பெண்ணை நீ விட்டுவிட்டால் உன்னைவிட முட்டாள் இந்த மலையில் கிடையாது.

கல்யாணம் பண்ணப் போகிற பிள்ளைக்குத் தாய் எழுதுகிற கடிதத்தில் நிறையப் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். வலித்தால் வலிக்கிறது என்று அன்றைக்கே அவளிடம் சொல்லு. அவளுக்கு வலித்தால் அவள் சொல்வதற்கு முன்னால் நீ கேளு. "ஒன்னுமில்ல" என்றால் விட்டுவிடாதே, நான் டீக்கடையில் விட்ட மாதிரி. அவள் அப்பா என்ன நினைப்பார் என்று நீ பயப்படுகிறாய். அவர் வேண்டாம் என்றும் சொல்லலாம், எனக்குத் தெரியாது. மரம் ஏற முடியாத மாப்பிள்ளை அவருக்கு வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. தெரிந்து வேண்டாம் என்று சொல்லட்டும். வாய் திறந்து கேட்க வேண்டியது உன் வேலை.

என்மேல் கோபம் என்றால் வந்து நேரில் திட்டு. உங்கப்பாவோடு உனக்கு நான் கெடுத்த வருசங்களை என்னால் திருப்பித் தர முடியாது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீ யோசித்து உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது செய்.

இதை எழுதி முடித்து ஒட்டப் போகும்போது உங்கப்பா வந்து நின்றார். மூன்று நாளாய் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "அவனுக்குத்தான?" என்றார். ஆமாம் என்றேன். "நான் சொல்றத எழுது" என்று கோலைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். என்ன எழுத என்று கேட்டேன். சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"ஞாயித்துக்கெழம காலைல காரவள்ளியில எறங்கி நில்லு சாமி. மேல வந்துறாத. நான் மொத பஸ்ஸுல கீழ வாரேன். அங்கிருந்து ரெண்டு பேரும் ஒட்டுக்கா மறுபடி மேல பஸ்ஸேறி வாசலூர்பட்டி போலாம். அவங்கப்பாகிட்டப் பேசறப்ப நான் உன்ற பக்கத்துல உக்காந்துக்கறேன்."